வினாவில் விளைந்த ஒளி

நுழையும்முன்

ஆய்வு செய்யப் புகும் மாணவரைப் பெரிதும் தயங்கச் செய்வது, எதனை ஆராயப் போகிறோம் என்பதைத் தெளிவாகச் சொல்ல இயலாமையே ஆகும். கடலைப் பற்றி ஆராயப் போகிறேன் என்று சொல்லுதல் எளிது. கடலில் எதனை, எவ்வாறு, எந்த ஐயத்தைத் தீர்ப்பதற்காக என்று கேட்கும்போதுதான் சிந்தனை தொடங்குகிறது. ஆய்வு வினா கூர்மையானால் ஆய்வுக்கு வழி புலப்படும். ஆய்வுத் தலைப்பு தெளிவானால் அவ்வழியில் எவ்வளவு தொலைவு சென்றோம் என்பது பிறர்க்கு விளங்கும். இவ்விரண்டையும் தம் வாழ்நாளெல்லாம் போற்றிய அறிவியலறிஞர் ஒருவரின் வரலாறு இப்பாடம்.

கண்முன் தோன்றிய ஐயம்

சந்திரசேகர வெங்கட ராமன் 1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தார். பெற்றோர் சந்திரசேகர ஐயர், பார்வதி அம்மாள். தந்தையார் விசாகப்பட்டினத்துக் கல்லூரி ஒன்றில் கணிதமும் இயற்பியலும் கற்பித்தவர். அவரது பணியின் பொருட்டுக் குடும்பம் அந்நகரில் வாழ்ந்தது. வீட்டில் நூல்கள் நிறைந்திருந்தன. வீணையின் ஒலியும் கேட்டது. கடலும் அருகில் இருந்தது. பிற்காலத்தில் ராமன் எழுப்பிய வினாக்கள் பலவற்றுக்கும் அந்த இளமைச் சூழலிலேயே விதை விழுந்தது எனலாம்.

பதினொன்றாம் வயதில் மெட்ரிக்குலேசன் தேர்வில் தேறிய ராமன், 1903இல் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். 1904இல் இளங்கலைத் தேர்வில் முதலிடம் பெற்றார். முதுகலை பயிலும்போது, நிறமாலைமானியைக் கொண்டு முப்பட்டகத்தின் கோணத்தை அளக்கும் பயிற்சி ஒன்றில் ஈடுபட்டார். ஆண்டுதோறும் மாணவர்கள் செய்து முடித்து மறந்துபோகும் எளிய பயிற்சி அது. முப்பட்டகத்தின் முகத்தில் ஒளி மிகவும் சாய்வாகப் பட்டுத் திரும்பியபோது தோன்றிய ஒளிப்பட்டைகளை ராமன் உற்று நோக்கினார். அவை இருபுறமும் ஒத்திருக்கவில்லை. ஒருபுறம் அகன்றும் மறுபுறம் குறுகியும் காணப்பட்டன.

வேறொருவராயின் கருவியில் ஏதோ கோளாறு என்று கடந்து சென்றிருப்பர். ஒளிப்பட்டைகள் ஏன் சமச்சீராக இல்லை என்று ராமன் தமக்குள் வினவினார். அளவெடுத்தார், கணக்கிட்டார், தம் முடிவைக் கட்டுரையாக எழுதி இலண்டனிலிருந்து வெளிவந்த பிலசாபிக்கல் மேகசின் என்னும் ஆய்விதழுக்கு அனுப்பினார். 1906ஆம் ஆண்டு நவம்பரில் அக்கட்டுரை வெளியாயிற்று. செவ்வகத் துளையால் உண்டாகும் சமச்சீரற்ற விளிம்பு விளைவுப் பட்டைகள் என்பது அதன் தலைப்பின் பொருள். பதினெட்டு வயது மாணவர் இட்ட அத்தலைப்பில் ஆராயப்பட்ட நிகழ்வு எது, அதன் தனித்தன்மை யாது, எந்தச் சூழலில் அது தோன்றியது என்னும் மூன்றும் அடங்கியிருந்தன. ஒளியின் இயல்புகள் என்றோ விளிம்பு விளைவு பற்றிய ஆய்வு என்றோ அகலமாகப் பெயரிட்டிருந்தால், உள்ளே இருப்பது இன்னது என்று எவருக்கும் விளங்கியிராது.

அலுவலகமும் ஆய்வகமும்

1907இல் முதுகலைத் தேர்விலும் ராமன் முதலிடம் பெற்றார். ஆயினும் அறிவியலையே தொழிலாகக் கொள்ளும் வாய்ப்பு அந்நாளில் இந்தியாவில் அரிது. அரசின் நிதித்துறைத் தேர்வை எழுதி அதிலும் முதல்வராகத் தேறினார். உலோகசுந்தரியைத் திருமணம் செய்துகொண்டு, கல்கத்தாவில் உயர் கணக்கு அலுவலராகப் பொறுப்பேற்றார்.

ஒருநாள் பௌபஜார் தெருவில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் பெயர்ப்பலகை அவர் கண்ணில் பட்டது. 1876இல் மருத்துவர் மகேந்திரலால் சர்க்கார் தோற்றுவித்த அக்கழகத்தில் ஆய்வுக்கூடம் இருந்தது, ஆராய்வார்தாம் இல்லை. அன்றுமுதல் அலுவலகத்துக்கு முன்னும் பின்னும் ஆய்வகமே ராமனின் இருப்பிடம் ஆயிற்று. விடியற்காலையில் ஆய்வகம், பகலில் கணக்கு ஏடுகள், மாலை முதல் இரவுவரை மீண்டும் ஆய்வகம் என நாள்கள் கழிந்தன. இடையில் இரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றப்பட்டு, 1911இல் கல்கத்தாவுக்குத் திரும்பினார். 1917இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியர் பொறுப்பை ஏற்றபோது, பெரிதும் குறைந்த ஊதியத்துக்கு மனமுவந்து இசைந்தார்.

இக்காலத்தில் அவர் எழுப்பிய வினாக்களுள் ஒன்று மிருதங்கத்தைப் பற்றியது. வட்டமாக இழுத்துக் கட்டிய தோலைத் தட்டினால் எழும் மேற்சுரங்கள், அடிப்படைச் சுரத்துக்கு முழு எண் மடங்குகளாக அமைவதில்லை என்பது இயற்பியலார் அறிந்த உண்மை. அதனால்தான் பொதுவாகப் பறை ஒலியில் திட்டமான சுருதி புலப்படுவதில்லை. ஆனால், மிருதங்கமும் தபேலாவும் சுருதியோடு இசைகின்றன. ஒரே வகைத் தோற்கருவிகளுள் இவை மட்டும் விதிவிலக்காக இருப்பது எதனால் என்று ராமன் கேட்டார்.

மிருதங்கத்தின் சிறப்பு யாது என்று கேட்டிருந்தால் விடை புகழுரையாக முடிந்திருக்கும். இரண்டு பொருள்களை ஒப்பிட்டு வேறுபாட்டின் காரணத்தைக் கேட்டதால், எங்கே தேடுவது என்பதை வினாவே காட்டிற்று. தோலின்மீது மென்மணலைத் தூவி அதிர்வின் வடிவங்களை ஆராய்ந்த ராமன், நடுவில் பூசப்படும் கரிய பசையே மேற்சுரங்களை ஒழுங்குபடுத்துகிறது என்று காட்டினார். பெயரறியாத இசைக்கருவிக் கைவினைஞர்களின் நுண்ணறிவுக்கு அறிவியல் செய்த சிறப்பு இது. 1920இல் நேச்சர் இதழில் இம்முடிவு வெளியாயிற்று.

கடல் நடுவே ஒரு சோதனை

1921இல் ஆக்ஸ்போர்டு நகரில் பல்கலைக்கழகங்களின் மாநாடு நடைபெற்றது. அதில் கலந்துகொள்ள ராமன் கப்பலேறினார். மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. அந்நிறத்துக்கு விளக்கம் ஏற்கெனவே இருந்தது. வானம் ஏன் நீலமாகத் தோன்றுகிறது என்பதைக் காற்றின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறச் செய்வதைக் கொண்டு விளக்கியவர் ராலே பிரபு. ஆழ்கடலின் நீலம், நீர்ப்பரப்பில் எதிரொளிக்கும் வானத்தின் நீலமே என்பது அவர் கருத்து. பேரறிஞர் ஒருவர் சொன்ன விடை என்பதால் அறிவுலகம் அதனை ஏற்று அமைதியடைந்திருந்தது.

ராமன் அமைதியடையவில்லை. கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்னும் கேள்வியைப் பலரும் கேட்டிருந்தனர். அக்கேள்வியை அவர் சோதனைக்கு உரியதாக மாற்றினார். நீர்ப்பரப்பில் எதிரொளிக்கும் வான ஒளியை முழுவதும் நீக்கிவிட்டால் கடலின் நீலம் மறையுமா, எஞ்சியிருக்குமா? மறைந்தால் ராலேயின் விளக்கம் சரி. எஞ்சியிருந்தால் அந்நீலம் நீரின் உள்ளிருந்து வருவது. விடை எப்படி அமைந்தாலும் ஓர் உண்மை துலங்கும்படி அவ்வினா அமைந்திருந்தது. ஆய்வு வினாவுக்கு இலக்கணம் இதுவே.

தாயகம் திரும்பும் பயணத்தில், நார்குண்டா என்னும் கப்பலின் மேல்தளத்தில் அச்சோதனை நிகழ்ந்தது. ராமன் கொண்டுசென்றவை நிக்கோல் பட்டகம் முதலான சிறு கருவிகளே. நீர்ப்பரப்பில் குறிப்பிட்ட கோணத்தில் எதிரொளிக்கும் ஒளி தளவிளைவு உற்றிருக்கும். நிக்கோல் பட்டகத்தைத் தக்கவாறு சுழற்றினால் அவ்வொளியைக் கண்ணுக்கு எட்டாமல் தடுத்துவிடலாம். அவ்வாறு தடுத்துப் பார்த்தபோது கடலின் நீலம் மறையவில்லை. மேற்பரப்பின் பளபளப்பு நீங்கியதால் முன்னினும் செறிந்து தோன்றிற்று. நீரின் மூலக்கூறுகளும் ஒளியைச் சிதறச் செய்கின்றன என்னும் முடிவுக்கு ராமன் வந்தார். கப்பல் பம்பாய்த் துறைமுகத்தை அடைந்தபோது கட்டுரை ஆயத்தமாக இருந்தது. அவ்வாண்டு நவம்பரில் நேச்சர் இதழில், கடலின் நிறம் என்னும் பொருள் தரும் எளிய தலைப்போடு அது வெளிவந்தது. கடலின் நீலத்தில், செந்நிறக் கதிர்களை நீர் உறிஞ்சுவதற்கும் பெரும்பங்கு உண்டு என்பது இன்று தெளிந்த உண்மை. எனினும், நிறத்துக்கான காரணத்தை நீருக்குள்ளே தேடவேண்டும் என்று அச்சோதனை திசைகாட்டிற்று.

பெயரால் உறங்கிய வினா

கல்கத்தாவுக்குத் திரும்பிய ராமன், நீர்மங்களிலும் வாயுக்களிலும் திண்மங்களிலும் ஒளி எவ்வாறு சிதறுகிறது என்பதை மாணவர் குழுவோடு ஆராயத் தொடங்கினார். 1923இல் அவர்தம் மாணவர் கே. ஆர். இராமநாதன் நீரில் ஒளிச்சிதறலை ஆராய்ந்தார். கதிரவன் ஒளியை நீல ஊதா நிற வடிப்பான் வழியாக நீருக்குள் செலுத்தினால், உள்ளே ஒளித்தடம் ஒன்று தெரியும். மஞ்சள் பச்சை நிற வடிப்பான் ஒன்றையும் ஒளி நுழையும் வழியிலேயே வைத்தால் தடம் மறைந்துவிடும். ஏனெனில், ஒரு வடிப்பான் விடும் ஒளியை மற்றொன்று தடுத்துவிடும். அவ்விரண்டாம் வடிப்பானை நீருக்கும் கண்ணுக்கும் இடையே வைத்தாலும் ஒளித்தடம் மறைந்திருக்க வேண்டும். ஆனால், மிக மங்கலான தடம் ஒன்று எஞ்சி நின்றது. நீருக்குள் புகாத நிறம் நீரிலிருந்து வெளிவந்தது.

சில பொருள்கள் தம்மீது விழும் ஒளியை உறிஞ்சிக்கொண்டு வேறு நிற ஒளியை உமிழும். இதற்கு ஒளிர்தல் என்று பெயர். நீரில் கலந்துள்ள மாசு ஏதோ ஒன்று ஒளிர்வதே அம்மங்கலான தடத்துக்குக் காரணம் எனக் கருதப்பட்டது. அப்படியாயின் நீரைத் தூய்மைப்படுத்தத் தடம் மறைய வேண்டும். இராமநாதன் நீரை மீண்டும் மீண்டும் வடித்துத் தூய்மைப்படுத்தினார், தடம் மறையவில்லை. இருந்தும் அந்நிகழ்வுக்கு வலுக்குன்றிய ஒளிர்தல் என்னும் பெயரே நிலைத்தது.

பெயர் ஒன்று இட்டவுடன் விடை கிடைத்துவிட்டதாகத் தோன்றுவது மனித மனத்தின் இயல்பு. தெரியாத ஒன்றுக்குத் தெரிந்த பெயரை இட்டுவிட்டால், அதன்பின் எவரும் கேள்வி கேட்பதில்லை. கே. எஸ். கிருஷ்ணன் முதலிய மாணவர்களும் பிற நீர்மங்களில் அந்த மங்கிய ஒளியைக் கண்டனர். ராமனின் மனமோ அப்பெயரில் நிறைவு கொள்ளவில்லை. ஆயினும், பெயரை மறுக்கக்கூடிய வினா அந்நாளில் அவர்களிடம் உருவாகவில்லை. நான்கு ஆண்டுகளுக்கும் மேலாகப் பெருங்கண்டுபிடிப்பு ஒன்று ஆய்வகத்தின் இருளறையில் கண்முன்னே தோன்றிக்கொண்டிருந்தது. அதே காலத்தில் உலகின் பிற நாடுகளிலும் ஒளிச்சிதறலை அறிஞர் பலர் ஆராய்ந்து வந்தனர். காலம் தாழ்ந்திருந்தால் அப்பெரும்பேறு வேறொருவரைச் சேர்ந்திருக்கும்.

கூர்மை பெற்ற வினா

1927ஆம் ஆண்டின் இறுதியில் இரண்டு செய்திகள் ஒன்றுசேர்ந்தன. அமெரிக்க அறிஞர் ஆர்தர் காம்ப்டனுக்கு அவ்வாண்டின் நோபல் பரிசு வழங்கப்பட்டது. எக்ஸ் கதிர்கள் சிதறும்போது அவற்றுள் ஒருபகுதி ஆற்றலை இழந்து நீண்ட அலைநீளம் பெறுகிறது என்பது அவர் கண்டது. மற்றொரு செய்தி ராமனின் ஆய்வகத்திலேயே கிடைத்தது. ஓய்வு நேரத்தில் அங்கு வந்து உழைத்த எஸ். வெங்கடேசுவரன், தூய கிளிசரினில் சிதறிய கதிரொளி வழக்கமான நீலமாக இன்றிப் பச்சையாகத் தோன்றுவதையும், அவ்வொளி மிகுதியாகத் தளவிளைவு உற்றிருப்பதையும் கண்டார். நீர்மங்கள் ஒளிரும்போது வெளிப்படும் ஒளியில் பெரும்பாலும் தளவிளைவு காணப்படுவதில்லை. ஆகவே, ஒளிர்தல் என்னும் பழைய பெயர் இந்நிகழ்வுக்குப் பொருந்தாது என்பது புலனாயிற்று.

உறங்கிய வினா விழித்துக்கொண்டது. எக்ஸ் கதிர்களுக்கு நிகழ்வது கண்ணுக்குப் புலனாகும் ஒளிக்கும் நிகழ்கிறதா? மூலக்கூறுகளால் சிதறும்போது ஒளியின் ஒரு பகுதி தன் அலைநீளத்தை மாற்றிக்கொள்கிறதா? இந்த மங்கலான ஒளி என்ன என்று கேட்டுக்கொண்டிருந்த நிலை மாறி, ஆம் அல்லது இல்லை என்று இயற்கையே விடை சொல்லக்கூடிய வினா உருவாயிற்று. நீருக்கு மட்டும் உரிய இயல்பா, எல்லாப் பொருள்களுக்கும் பொதுவா என்னும் துணைவினாவும் அதனுடன் பிறந்தது.

1928ஆம் ஆண்டு சனவரி, பிப்ரவரித் திங்களில் ராமனும் கிருஷ்ணனும் இடைவிடாது உழைத்தனர். தொலைநோக்கியின் பெரிய வில்லையால் கதிரவன் ஒளியைக் குவித்து நீர்மங்களில் செலுத்தினர். ஏறத்தாழ 60 நீர்மங்களில் சோதித்தும் அந்த மாறுபட்ட ஒளி எல்லாவற்றிலும் வெளிப்பட்டது. ஆவிகளிலும் அது தோன்றிற்று. பிப்ரவரி 28ஆம் நாள், கதிரொளிக்கு மாறாகப் பாதரச ஆவி விளக்கின் ஒளியைப் பயன்படுத்தி, சிதறிய ஒளியை நிறமாலைநோக்கி வழியே ராமன் நோக்கினார். விளக்கின் ஒளிக்குரிய கோடுகளுக்கு அப்பால், விளக்கில் இல்லாத புதிய கோடுகள் தெளிவாகத் தெரிந்தன. வினாவுக்கு இயற்கை தந்த விடை அது. அதே நாள்களில் மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மண்டெல்ஸ்டாம் ஆகிய இருவரும் படிகங்களில் இதே விளைவைக் கண்டிருந்தனர். அவர்களின் கட்டுரை பின்னரே வெளியாயிற்று.

மூன்று தலைப்புகள்

இக்கண்டுபிடிப்பைப் பற்றி அவ்வாண்டில் நேச்சர் இதழில் அடுத்தடுத்து மூன்று சிறு கட்டுரைகள் வெளிவந்தன. அவற்றின் தலைப்புகளை வரிசையாக நோக்குதல் ஆய்வு மாணவர்க்குப் பெரும்பயன் தரும்.

முதற்கட்டுரை பிப்ரவரி 16ஆம் நாளிட்டு, ராமன், கிருஷ்ணன் இருவர் பெயரிலும் மார்ச் 31இல் வெளியாயிற்று. ஒரு புதுவகை இரண்டாம்நிலைக் கதிர்வீச்சு என்பது தலைப்பின் பொருள். அப்போது அவர்களிடம் இருந்த சான்று நிற வடிப்பான்கள் காட்டியதே. புறத்திலிருந்து விழும் ஒளியால் தூண்டப்பட்டு வெளிவரும் கதிர் ஒன்று உண்டு; அது முன்பு அறியப்படாத வகையினது. இவ்வளவே தலைப்பில் சொல்லப்பட்டது. ஒளிர்தல் என்னும் பழைய பெயரும் அதில் இடம்பெறவில்லை.

இரண்டாம் கட்டுரை ஏப்ரலில் ராமன் பெயரில் வந்தது. ஒளிச்சிதறலில் அலைநீள மாற்றம் என்பது அதன் தலைப்பு. இடையில் நிறமாலைநோக்கி புதிய கோடுகளைக் காட்டிவிட்டது. ஆகவே, புதுவகை என்னும் பொதுச்சொல் மறைந்து, மாறுவது எது, எந்நிகழ்வில் மாறுகிறது என்பவை தலைப்பில் ஏறின. மே மாதத்தில் இருவரும் எழுதிய மூன்றாம் கட்டுரை, காம்ப்டன் விளைவுக்கு ஒளியியலில் அமைந்த ஒப்புமை என்னும் பொருளில் தலைப்புக் கொண்டது. ஒரு கண்டுபிடிப்பு முன்பே அறியப்பட்ட மற்றொன்றோடு எவ்வாறு உறவு கொள்கிறது என்பதை அது காட்டிற்று.

என்ன கண்டோம், எது மாறுகிறது, எதனோடு ஒப்புமை உடையது எனச் சான்று வளர வளரத் தலைப்பும் வளர்ந்தது. சான்றுக்கு முன்னே தலைப்பு ஓடவில்லை. சான்று வந்தபின் தலைப்புப் பின்தங்கவும் இல்லை. இவ்விளைவு பின்னர் ராமன் விளைவு என்று உலகோரால் அழைக்கப்பட்டது. ஆனால், அவர்தம் தலைப்புகளில் பொருள் இருந்ததேயன்றிப் பெயர்ப்பெருமை இல்லை.

நிறைவாழ்வு

1930ஆம் ஆண்டுக்கான இயற்பியல் நோபல் பரிசு ராமனுக்கு வழங்கப்பட்டது. அறிவியல் துறையில் அப்பரிசைப் பெற்ற முதல் ஆசியர் அவரே. 1933இல் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தின் இயக்குநரானார். 1948இல் அந்நகரிலேயே தம் பெயரால் ஆய்வு நிறுவனம் ஒன்றை அமைத்தார். 1954இல் பாரத ரத்னா விருது அவரை அடைந்தது. முதுமையிலும் வைரங்களின் ஒளியையும் மலர்களின் நிறத்தையும் மனிதக் கண்ணின் நிறப்பார்வையையும் பற்றி ஓயாது வினவினார். அவர் பிற்காலத்தில் கூறிய விடைகளுள் சில அறிவியல் உலகால் ஏற்கப்படவில்லை. படிகங்களின் அதிர்வு பற்றிய தம் கொள்கையை அவர் உறுதியாகப் பற்றிநின்றார். காலம் அதற்கு மாறாகத் தீர்ப்பளித்தது. ஒருகாலத்தில் ராலேயின் விடையை அவர் சோதனைக்கு உட்படுத்தியதுபோல, அவர் விடைகளும் பிறரால் சோதனைக்கு உள்ளாயின. அறிவியலில் எவர் விடைக்கும் விலக்கு இல்லை.

1970ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் ராமன் பெங்களூரில் இயற்கை எய்தினார். அவர் புதிய கோடுகளைக் கண்ட பிப்ரவரி 28ஆம் நாளை, நாடு 1987 முதல் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடுகிறது. ராமன் விளைவு இன்று மருந்துகளின் தூய்மையை அறியவும், கற்களின் கனிமங்களை இனங்காணவும், ஓவியங்களின் வண்ணப்பொருள்களைச் சிதைவின்றி ஆராயவும் பயன்படுகிறது. கப்பலில் செல்வோர் பலர் கடலின் நீலத்தைக் கண்டு மகிழ்ந்தனர். சிலர் அது ஏன் என்று வியந்தனர். விடை தவறாயின் அதைக் காட்டிக்கொடுக்கும் வகையில் கேட்டவர் ராமன். ஏழாண்டுப் பயணத்தின் முடிவில் அவ்வினா உலகுக்குப் புதிய ஒளியைத் தந்தது.

கற்பவை கற்றபின்

1. ராமனின் 1921ஆம் ஆண்டு வினாவையும் 1928ஆம் ஆண்டு வினாவையும் ஒப்பிட்டு, ஒவ்வொன்றுக்கும் இயற்கை தரக்கூடிய இருவேறு விடைகளை எழுதுக.

2. எங்கள் ஊர் ஏரி என்னும் அகன்ற பொருளை எடுத்துக்கொண்டு, எதனை, எவ்விடத்தில், எக்காலத்தில், எதனோடு ஒப்பிட்டு ஆராய்வது என்பவை விளங்கும்படி ஆய்வு வினா ஒன்றையும் ஆய்வுத் தலைப்பு ஒன்றையும் உருவாக்குக.

3. தெரியாத ஒன்றுக்குத் தெரிந்த பெயரை இடுவதால் ஆய்வு தடைப்படக்கூடும் என்பதை, இராமநாதனின் சோதனையைச் சான்றாகக் கொண்டு விளக்குக.